தோட்டத்து நாய்களைச் சங்கிலியிலிருந்து விடுவிக்க, பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. தோட்டத்துச் சாளைகளில் (தோட்டத்து வீடுகளில்) பாதிக்கு மேல் நாய் பகல் முழுக்கச் சங்கிலியிலேயே கிடக்கிறது. சில வீடுகளில் ராத்திரியும் அவிழ்ப்பதில்லை. நானும் தோழிகள் மூன்று பேரும் இரண்டு வீடுகளில் போய்ப் பேசினோம். "உங்க வேலையப் பாருங்க அம்மிணி" என்று அனுப்பிவிட்டார்கள். போலீசில் புகார் கொடுக்கலாமா? எல்லோருக்கும் நீளச் சங்கிலி வாங்கிக் கொடுத்தால் போதுமா? ஒரு வீட்டில் கறுப்பு நாய் ஒன்றுக்குச் சங்கிலி கழுத்துக்குள் இறங்கி நாற்றம் அடிக்கிறது. அதற்கு என்ன செய்வது?

கால்நடை மருத்துவர் பதில்:

கறுப்பு நாயிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், அது பொறுக்காது. நாற்றம் வருகிறது என்றால் புண்ணில் புழு வைத்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியில் கட்டிய கழுத்துப்பட்டையையோ, பூட்டுப் போட்டு மாட்டிய சங்கிலியையோ பிறகு யாரும் தளர்த்தாமல் விட்டால், கழுத்து பருக்கப் பருக்க அது தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. மேலே முடி மூடிக்கொள்வதால், தினமும் சோறு வைப்பவர்கூட நாற்றம் வரும்வரை கவனிக்காமல் இருப்பதுண்டு. ஆகவே அந்த வீட்டுக்காரரைக் கொடுமைக்காரர் என்று முடிவு கட்டிக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். "அண்ணா, நாயி கழுத்துல புழு வெச்ச மாதிரி இருக்குதுங்க. டாக்டர்கிட்டக் காட்டிறலாம், நாங்களே வண்டி கொண்டு வர்றோம்" என்றால் போதும். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சங்கிலியை நீங்களே இழுத்து எடுக்க முயல வேண்டாம். வலியில் வீட்டுக்காரரையே கடிக்கும். மருத்துவமனையில் மயக்க ஊசி போட்டு, கட்டரால் வெட்டி எடுத்து, முடியைச் சிரைத்து, புழுவை ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய வேலை அது. அதுவரை புண்ணில் மண்ணெண்ணெய், பினாயில், பொடித்த பாச்சை உருண்டை எதையும் போடவிடாதீர்கள். பாச்சை உருண்டை நாய்க்கு விஷம், நக்கினால் உள்ளே போகும். மண்ணெண்ணெயும் பினாயிலும் இருக்கிற தசையையும் வேகவைத்துவிடும்.

சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் அந்தக் கழுத்தில் எதையும் மாட்டக் கூடாது. அப்போது நாயை எங்கே விடுவது என்று வீட்டுக்காரரே கேட்பார். உங்கள் முதல் அடைப்பு, அதாவது நாய் அவிழ்ந்து நடமாட வேலியிட்ட இடம், அந்த வீட்டில்தான் அமைய வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் நல்ல முறையில் வளர்க்கிறார்கள் என்று பத்துப் பேரிடம் சொல்வதைவிட, ஊருக்குள் கண்ணால் பார்க்க ஓர் இடம் இருப்பது வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

புகார் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சட்டம் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்த 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் இதெல்லாம் தெளிவாகவே உண்டு. நியாயமற்ற அளவு குட்டையான, அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும், போதிய உணவும் தண்ணீரும் தங்க இடமும் கொடுக்காமல் இருப்பதும் குற்றம். ஆனால் முதல்முறை தண்டனை 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். ஒரு புகார் கொடுத்தால் 50 ரூபாய் கட்டிவிட்டு, அன்று இரவே அந்த நாயை டெம்போவில் ஏற்றிப் பத்து மைல் தள்ளி இறக்கிவிட்டு வருவார்கள். ஊரில் மற்ற வீடுகளின் கதவும் உங்களுக்கு அடைத்துக்கொள்ளும். பட்டினி போடுவது, புண்ணை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது, அடிப்பது என்று சொல்லியும் திருந்தாத வீட்டுக்கு மட்டும் காவல் நிலையத்தையும், மாவட்ட விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைத் திருப்பி அனுப்பிய இரண்டு வீடுகளிலும் நாயின் பரிதாபத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "பாவம், இப்படிக் கட்டிப் போட்டிருக்கீங்களே" என்ற வார்த்தை கேட்பவர் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். அந்த நாய் ஏன் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு காரணம் வேறு. பக்கத்துத் தோட்டத்துக் கோழியைப் பிடித்துவிட்டது, ஆட்டுக்குட்டியை விரட்டியது, முந்தைய நாய்க்கு யாரோ மருந்து வைத்துக் கொன்றுவிட்டார்கள், ரோட்டில் அடிபட்டது, கார்த்திகை வந்தால் பெட்டை நாய் பின்னால் நாலு நாள் காணாமல் போகிறது, பால்காரரைக் கடித்தது. சில வீட்டில் ஒரு காரணமும் இருக்காது, அப்பா காலத்திலிருந்து கட்டித்தான் வளர்த்திருப்பார்கள். எந்தக் காரணம் என்று தெரியாமல் தீர்வைக் கொண்டுபோனால் எடுபடாது. பெட்டை பின்னால் ஓடும் நாய்க்குத் தேவை கருத்தடை. கோழி பிடிக்கும் நாய்க்குத் தேவை வேலி. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஒரே மாதத்தில் நாய் பழைய சங்கிலிக்கே திரும்பியிருக்கும்.

வாசலுக்குள் போக நல்ல வழி வெறிநோய்த் தடுப்பூசி. நாய்மேல் பாசம் இல்லாதவருக்கும் பேரப்பிள்ளை மேல் பாசம் இருக்கும். உங்கள் பகுதி கால்நடை மருந்தகத்தில் பேசி ஒரு நாள் குறியுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள், அதையொட்டி முகாம் கேட்பது எளிது. அறிவிப்பைப் பால் சொசைட்டியில் ஒட்டுங்கள். காலையும் மாலையும் தோட்டத்துக்காரர்கள் தாமாக வந்து நிற்கும் இடம் அதுதான். சங்கிலியிலேயே வளர்ந்த நாயை முகாமுக்கு இழுத்து வருவது கடினம், வழியில் கடி நடக்கும். அதனால் முகாமுக்கு வர முடியாத வீடுகளின் பட்டியலை முன்கூட்டியே எடுத்து, அங்கே மருத்துவரோடு நீங்களும் போங்கள். முதல் ஊசி மூன்று மாதக் குட்டியில், பிறகு ஒரு ஊக்க ஊசி, அப்புறம் ஆண்டுக்கொரு முறை என்று சொல்லி ஒரு அட்டையும் கொடுத்தால் அடுத்த ஆண்டு போவதற்குக் காரணம் கையில் இருக்கும்.

இரண்டு பேராகப் போங்கள், நான்கு பேர் போனால் கூட்டமாகத் தெரியும். பால் கறக்கும் நேரத்தில் போகாதீர்கள். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில் கொஞ்சம் ஓய்வு இருக்கும். முடிவு எடுப்பவர் ஆணாக இருந்தாலும், சோறு வைப்பது அந்த வீட்டு அக்காவோ பண்ணையத்து ஆளோதான். இரண்டு பேரிடமும் பேச வேண்டும். செல்போனை வெளியே எடுக்காதீர்கள். ஒரே ஒரு படம் வாட்ஸ்அப்பில் போனால் போதும், ஊர் முழுக்க உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். உங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: நாயின் பெயர், வயது, கட்டும் காரணம், சங்கிலி நீளம், தண்ணீர் இருந்ததா, நிழல் எந்நேரம் வரை, ஊசி போட்டாச்சா. முதல் சுற்றுக்கு ஐந்தாறு வீடு போதும். சொன்னதைப் பத்து நாளுக்குள் செய்து கொடுங்கள். செய்யாமல் விட்ட ஒரு வாக்கு, பேசிய அத்தனையையும் கெடுத்துவிடும்.

இனி சங்கிலி. நீளச் சங்கிலி மட்டும் கொடுத்தால் போதாது, ஆனால் முதல் நாளே கொடுக்கக்கூடியது அதுதான். 5 அடிச் சங்கிலியில் நாய் சுற்றும் வட்டம் ஏறத்தாழ 78 சதுர அடி, 10 அடியாக்கினால் 314. நீளம் இரட்டித்தால் இடம் நான்கு மடங்காகிறது. மாட்டுச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, நாயின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாத மெல்லிய சங்கிலியை மாட்டுங்கள். 15 கிலோ நாய்க்கு ஒன்றரைக் கிலோ என்பது உச்சம், அதிலும் குறைந்தால் நல்லது. இரண்டு முனையிலும் தானாகச் சுழலும் கொக்கி வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கேறி முறுக்கேறிப் பத்தடி சங்கிலி மூன்றடியாகிவிடும். கழுத்துக்கு ஒன்று ஒன்றரை அங்குல அகலத் துணிப்பட்டை, உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். வளரும் குட்டியென்றால் பதினைந்து நாளுக்கொரு முறை விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டும் இடத்தைச் சுற்றிப் பத்தடிக்குள் மரம், கல்லுக்கால் (கல் தூண்), வண்டிச் சக்கரம் எதுவும் இருக்கக் கூடாது, சுற்றிக்கொள்ளும். கிணறு, திண்ணை, தாண்டிக் குதிக்கக்கூடிய சுவர் இருந்தால் அந்த இடமே வேண்டாம். சுவரைத் தாண்டிய நாய் மறுபக்கம் தூக்கில் தொங்கிச் செத்துப்போவது நடக்கிற விஷயம்.

நாய் ஓட மேலே கம்பி இழுத்துக் கட்டுவதைப் பலர் செய்கிறார்கள், பலர் தப்பாகவும் செய்கிறார்கள். அளவைச் சொல்கிறேன். இரண்டு கல்லுக்காலுக்கு நடுவே 35 அடி, தரையிலிருந்து 7 அடி உயரத்தில் 4 மி.மீ. ஸ்டீல் ஒயர் ரோப். ஒவ்வொரு முனையிலும் மூன்று யு கிளாம்ப், ஒரு பக்கம் இழுத்து முறுக்க டர்ன்பக்கிள். கம்பியில் ஓட ஒரு சிறு கப்பி. வெறும் வளையம் போட்டால் கம்பியைத் தேய்த்துவிடும். கப்பியிலிருந்து நாய்க்கு 7½ அடிக் கயிறு, அதிலும் சுழலும் கொக்கி. ஏழரை அடி ஏன் என்றால், நாய் படுத்துத் தலையைத் தரையில் வைக்க அவ்வளவு வேண்டும். ஐந்தடி கட்டினால் அது நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும். நின்றபடி பக்கவாட்டில் ஐந்தடி போகும், பின்னங்காலில் எழுந்தால் ஏழடியை எட்டும். அதனால்தான் இரண்டு முனையிலும் தூணுக்கு 7 அடி முன்பாகவே கம்பியில் ஒரு யு கிளாம்ப் போட்டுக் கப்பியை நிறுத்த வேண்டும். தடை போடாமல் விட்டால் முதல் நாளே தூணைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். இப்படிச் செய்தால் கப்பி ஓட 21 அடி கிடைக்கும். இரண்டு பக்கமும் 8 அடி வெட்டவெளி விடுங்கள். கம்பியைத் தென்னை மரத்தில் கட்டுவதானால் பழைய டயர் துண்டு கொடுத்துக் கட்டுங்கள். மாதமொரு முறை கம்பி பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நாயை ஒரே கம்பியில் கட்டவே கூடாது.

என்னைக் கேட்டால், இதுவும் இடைக்கால ஏற்பாடுதான். போய்ச் சேர வேண்டிய இடம் அடைப்பு. 12 அடிக்கு 20 அடி என்றால் சுற்றளவு 64 அடி. நான்கு மூலைக்கும் ஒவ்வொரு பக்கத்தின் நடுவுக்கும் ஒன்றாக 8 கல்லுக்கால், ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 2 அடி மண்ணுக்குள். 6 அடி உயரக் கம்பிவலை, மூன்றடி அகலத்தில் ஒரு படல் அல்லது கதவு, வெளியேயிருந்து போடும் தாழ்ப்பாள். எங்கள் பக்கத்தில் பழைய கல்லுக்கால் பெரும்பாலான தோட்டங்களில் மூலையில் கிடக்கும், அதைக் கேட்டு வாங்கினால் செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும். நாய் தப்புவது மேலே தாண்டி அல்ல, பெரும்பாலும் கீழே தோண்டி. வலையை ஓரடி ஆழம் புதைக்கலாம், அல்லது அடியில் சுற்றிலும் பலகைக்கல் பதிக்கலாம். சிப்பிப்பாறை, ராஜபாளையம் கலந்த நாயென்றால் ஆறடியையும் தாண்டும். மேலே ஓரடியை உட்பக்கமாகச் சாய்த்துக் கட்டுங்கள். அடைப்புக்குள் விட்டுவிட்டு மறந்துவிட்டால் அது பெரிய சங்கிலி, அவ்வளவே. பொழுது சாய்ந்து ஆட்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் வெளியே விட வேண்டும் என்பதையும் சேர்த்தே பேசி முடியுங்கள்.

தண்ணீரும் நிழலும் செலவில்லாதவை, ஆனால் மிக அதிகமாகத் தவறுவது இவற்றில்தான். நாய் கட்டியிருக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். வட்டமாக மண் தேய்ந்து கட்டாந்தரையாகியிருக்கும், அதன் ஓரத்தில் கவிழ்ந்த அலுமினியக் குண்டா கிடக்கும். தண்ணீர் வைக்கவில்லை என்று நாம் நினைப்போம். வைத்திருப்பார்கள், சங்கிலி இழுத்துத் தட்டிவிட்டிருக்கும். 5 லிட்டர் கொள்ளும் சிமென்ட் தொட்டியை மூன்றில் இரண்டு பங்கு மண்ணில் புதைத்துவிட்டால் கவிழாது. 20 கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் வேண்டும், சித்திரை வெயிலில் அதைப்போல் இரண்டு மடங்கு. நிழலைக் காலை ஒன்பது, உச்சி, பிற்பகல் மூன்று என மூன்று வேளை பார்த்துத்தான் இடம் முடிவு செய்ய வேண்டும். காலையில் குளுகுளுவென்று இருக்கும் வேப்பமர நிழல் மூன்று மணிக்கு நாயைவிட்டு நகர்ந்திருக்கும். மேற்கில் ஒரு கீற்றுத் தடுப்பு கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். கூண்டு செய்வதானால் மூன்றரைக்கு இரண்டரை அடி, நான்கு ஹாலோ பிளாக் மேல் பலகை வைத்து உயர்த்தி. ஐப்பசி மழையில் தரையில் தண்ணீர் ஓடும்போது இந்த உயரம்தான் காப்பாற்றும். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேண்டாம், இருந்தால் மேலே நாலு அங்குலம் இடைவெளி விட்டுக் கீற்று போடுங்கள். நீல பேரலை வெட்டி வைக்கிறார்கள், மழைக்குச் சரி, வெயிலில் அடுப்பு. பூச்சிமருந்தோ ஆசிடோ வந்த பேரலாக இருந்தால் கழுவினாலும் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மோர்ச் சோறோடு வாரம் நாலைந்து முட்டை, வேகவைத்த கோழிக் கழிவு சேர்ந்தால் பெரும் முன்னேற்றம். வேகவைத்த எலும்பு மட்டும் கூடாது. மூன்று மாதத்துக்கொரு முறை எடைக்குத் தக்க குடற்புழு மாத்திரை. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கணக்கில்லாமல் நாய்மேல் ஊற்றும் பழக்கம் எங்கும் இருக்கிறது, அதை நிறுத்தச் சொல்லி, மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

கருத்தடை இல்லாமல் இதில் எதுவும் நிலைக்காது. அமெரிக்காவில் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் தன்னார்வலர்கள் கட்டிக்கிடக்கும் நாய்களுக்கு இலவச வேலி போட்டுக் கொடுத்தபோது, கருத்தடை செய்ய ஒப்புக்கொள்வதையும் அதோடு சேர்த்தே வைத்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். அறுவைக்குப் பின் பத்து நாள் காய்ந்த, மண் ஒட்டாத இடம் வேண்டும், அதற்குக் கட்டுத்தரையின் ஓரம் போதாது. கடுவனுக்கு (ஆண் நாய்க்கு) செய்த மறுநாளே அலைச்சல் நிற்காது, சில வாரம் ஆகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "ஒண்ணும் பிரயோசனம் இல்லீங்க" என்ற பேச்சு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

"கட்டினாத்தான் நாயி கோபமா இருக்கும், காவலுக்கு ஆகும்" என்பார்கள். கட்டிய நாய் திருடனை ஒன்றும் செய்ய முடியாது, குரைக்கத்தான் முடியும். அதற்குக் கைக்கு எட்டுவது சோறு வைக்கப் போகிறவரும் விளையாடும் பிள்ளையும்தான். 1994இல் வெளியான அமெரிக்காவின் டென்வர் நகர ஆய்வொன்றில், முற்றத்தில் கட்டி வளர்க்கப்பட்ட நாய்கள் கடிக்கும் வாய்ப்பு, கட்டாத நாய்களோடு ஒப்பிட 2.8 மடங்கு என்று வந்தது. பயந்தால் விலகி ஓட வழியில்லாத நாய் கடிக்கத்தான் செய்யும்.

ஆண்டுக்கணக்கில் கட்டிக்கிடந்ததைத் திடீரென அவிழ்த்துவிட்டால் அது ஓடிப்போகும், அல்லது முதலில் கண்ட கோழியைப் பிடிக்கும். அதோடு வீட்டுக்காரர் முடிவெடுத்துவிடுவார். முதல் பத்து நாள், மாலைச் சோற்றுக்கு முன் 15 அடிக் கயிற்றில் தோட்டத்து வரப்பைச் சுற்றி நடை. இந்தக் கயிற்றை மாட்டிய பிறகே சங்கிலியைக் கழற்ற வேண்டும், நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும். குதித்தால் அப்படியே நின்று காத்திருங்கள். பிறகு கயிற்றைக் கையில் பிடிக்காமல் தரையில் இழுபட விட்டு நடக்கலாம். தட்டைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் சோறு. பசியோடு இருக்கும் நேரத்தில் விட்டால் திரும்பி வரும், வயிறு நிறைந்தபின் விட்டால் எங்கு போகும் என்று சொல்ல முடியாது. கோழியைக் கண்டால் உடல் விறைத்து உற்றுப் பார்க்கும் நாயை, கோழி அடைந்த பிறகு மட்டும் விடச் சொல்லுங்கள். எல்லா நாயும் கோழியோடு பழகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

உங்கள் நால்வருக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். வேலையில் இறங்கும் முன் முன்னெச்சரிக்கை வெறிநோய்த் தடுப்பூசி மூன்று தவணை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் இல்லாதபோது நாயின் சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள். கடிபட்டால், கீறல் என்றாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். முன்பே ஊசி போட்டிருந்தாலும் போக வேண்டும். எச்சில் ஒழுக, குரல் மாறி, தண்ணீர் விழுங்க முடியாமல் இருக்கும் நாயைத் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

சில வீடுகள் கடைசிவரை மசியாது. அங்கே தொட்டி புதைத்து, பட்டையை மாற்றி, ஆண்டு ஊசிக்கு மட்டும் போய்க்கொண்டிருங்கள். அந்த நாய்க்கு வயதாகி, வீட்டில் அடுத்த குட்டி வரும் செய்தியைப் பால் சொசைட்டியில் காதில் போட்டு வையுங்கள். குட்டி வந்த வாரமே போய், அதை முதல் நாளிலிருந்தே கோழியோடும் ஆட்டோடும் அவிழ்த்துவிட்டுப் பழக்கவும், மூன்றாம் மாதம் ஊசியும் ஆறாம் மாதத்துக்கு மேல் கருத்தடையும் செய்யவும் ஏற்பாடு செய்து கொடுத்தால், அந்த வீட்டில் சங்கிலிக்கே வேலை வராது.